ராஜாவுக்கு வெட்டிய குழி

உட்கார்ந்தால் கந்தர்வன், எழுந்து நின்றால் கழுதை. இப்படி ஒரு மனிதரை ஆண்டவன் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு மட்டும்தான் கொடுத்தான். மற்ற ஊர்களில் பாடத் தெரிந்தவர்களுக்குப் பாட்டு தொண்டையில் இருக்கும். எங்கள் குழி பாகவதருக்கு அது முழங்காலுக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. தறிக்குக் கீழே ஒரு குழி இருக்குமே, நெய்கிறவர் கால் இரண்டையும் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பாரே, அந்தக் குழியில் கால் வைத்தால்தான் அவருக்குப் பாட்டு வரும். அதனால் குழி பாகவதர். காலை ஏழு மணிக்குத் தறியில் உட்கார்ந்தாரென்றால் தெருவே காது கொடுக்கும். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, மணி அடிக்காமல் நிற்பார். அதே மனிதர் மதியம் சோற்றுக்கு எழுந்து, வாசலில் நின்று ஒரு வரி முணுமுணுத்தால் எதிர்வீட்டு ஆடு பதில் சொல்லும்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. எங்கள் தெரு நாடக மன்றம் வருஷா வருஷம் பங்குனியில் போடும் பாட்டு நாடகத்தில் ஒரு தடவை ராஜா வேஷம் கட்டிப் பாடிவிட வேண்டும்.

மன்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவர், பட்டுநூல் கடை வைத்திருந்தவர். ராஜா வேஷத்துக்குத் தகுந்த ஆளைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு தை மாதமும் முறைப்படி ஒரு தேர்வு வைப்பார். தெருவில் பாடத் தெரிந்த அத்தனை பேரும் வந்து பாடுவார்கள். எல்லாருக்கும் காபி உண்டு. எல்லாரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கனத்த மனத்தோடு, வேறு வழியில்லாமல், தலைவர் தம்மையே தேர்ந்தெடுத்துக்கொள்வார். நான் செயலாளர். கையெழுத்து நன்றாக இருந்ததைத் தவிர நான் வேறு குற்றம் செய்யவில்லை.

பாகவதர் ஏழு வருஷம் அந்தத் தேர்வுக்கு வந்தார். ஆர்மோனியம் வாத்தியார் நாலு கட்டையில் சுருதி கொடுத்தால், பாகவதர் ஆறாவது கட்டையில் வந்து சேர்ந்துகொள்வார். கொஞ்ச நேரத்தில் எந்தக் கட்டையிலும் இருக்க மாட்டார். வாத்தியார் துருத்தியை அமுக்கி மூடிவிட்டு, "உனக்கு ஆர்மோனியம் எதுக்குப்பா? தனியாவே போ" என்பார். ஒரு வருஷம் பாகவதர் முக்காலி கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அந்த முக்காலியை மேஜை மேல் ஏற்றி, அதன் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மேஜை மன்றத்தின் சொத்து. அன்று வரைக்கும் இருந்தது.

வெளியூரிலும் அவர் சும்மா இருந்ததில்லை. செவிலிமேட்டில் ஒரு கல்யாணத்தில் யாரோ பாடச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் நேரே கொல்லைக்குப் போய், கிணற்றுச் சுவரில் ஏறி, காலை உள்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். என்ன கஷ்டமாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் அரைமணி நேரம் அவருக்குப் புத்தி சொன்னாராம்.

ஏழு வருஷமும் மன்றம் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கையில் ஈட்டியைக் கொடுத்தது. வாயில்காப்போன் வேஷம். வசனம் கிடையாது. தலைவர் முன்னால் நின்று ராஜாவாகப் பாட, இவர் பின்னால் ஈட்டியோடு நிற்பார். கால் மட்டும் வலது இடது என்று காற்றை மிதித்துக்கொண்டிருக்கும்.

இதில் உண்மையாகவே அவமானப்பட்டது அவருடைய மனைவி பாக்கியம் அக்காதான். "அவரு பாடுற நாடகம்னா வர்றேன். ஈட்டி புடிச்சிக்கினு நிக்கிறதப் பாக்க நான் எதுக்கு வரணும்?" என்று கல்யாணமான வருஷமே சொல்லிவிட்டார். சொன்னபடியே ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை. தெருவில் பெண்கள் எல்லாரும் பாய் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போகும்போது, "இன்னா பாக்கியம், இந்த வருசமும் ஈட்டிதானா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பாகவதர் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வேஷ்டியை மாற்றிக்கொண்டிருப்பார்.

எட்டாவது வருஷம் தெய்வம் கண் திறந்தது. தலைவருக்குப் பல் போனது. சென்னைக்குப் போய் புதுப் பல் கட்டிக்கொண்டு வந்தார். பல் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "சபையோரே" என்று ஆரம்பித்தால் ரயில் புறப்படுகிற சீழ்க்கை கேட்டது. வேறு வழியில்லாமல் மன்றம் அந்த வருஷம் நிஜமாகவே ஒரு தேர்வு வைக்கும்படி ஆகிவிட்டது. நிஜமான தேர்வை எப்படி வைப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பாகவதர் முதல் ஆளாக வந்தார். பாடவில்லை.

"ஐயா, ஒடம்புக்கு முடியலன்னா டாக்டரு ஊட்டுக்கு வந்து நாடி புடிச்சிப் பாக்கலியா? நீங்க எங்க ஊட்டுக்கு வந்து பாட்டு கேட்டுட்டுப் போங்க. அப்பால வேணாம்னா நான் கேக்கவே மாட்டேன். ஈட்டிக்கும் வர மாட்டேன்."

ஈட்டிக்கு ஆள் கிடைக்காதே என்ற பயத்தில் தலைவர் ஒத்துக்கொண்டார்.

தலைவர், ஆர்மோனியம் வாத்தியார், நான் மூவரும் போனோம். தறி வீட்டின் தாழ்ந்த வாசல் நிலை பதவி பார்க்காது. தலைவருக்கும் எனக்கும் நெற்றியில் ஒரே இடத்தில் வீங்கியது. பாகவதர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் பாக்கியம் அக்கா. கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. உடலுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவைப் பாகவதர் தள்ள, கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அக்கா எங்களைப் பார்த்து, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மிதி இறங்கியது. நாடா ஓடியது. பாட்டு வந்தது.

நான் எதையும் லேசில் பாராட்டுகிறவன் இல்லை. இந்தக் கட்டுரையிலேயே அது தெரிந்திருக்கும். ஆனால் அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மோகனத்தில் ஆரம்பித்தவர் எங்களை அந்த இருட்டு அறையிலிருந்து எங்கேயோ தூக்கிக்கொண்டு போனார். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் உணர்ச்சிவசப்பட்டு ஏதோ சொன்னார். சீழ்க்கைதான் வந்தது. ராஜா அங்கேயே முடிவானார்.

இனி ஒரே ஒரு சிக்கல்தான். ராஜா வேஷக்காரருக்கு நின்றால் பாட்டு வராது. எங்கள் மேடை மண்மேடை. அதனால் சிம்மாசனத்துக்குக் கீழே ஒரு குழி வெட்டி, இரண்டு மிதிகட்டைகளையும் போட்டுவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. ராஜாவுக்குக் குழி வெட்டி அவரையே அதில் உட்கார வைத்த மன்றம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக நாடகத்தைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் காட்சியிலேயே ராஜாவின் காலில் அம்பு தைத்துவிட்டதாக எழுதினேன். அதன் பிறகு அவர் போர் நடத்தியது, எதிரியை மன்னித்தது, மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் உட்கார்ந்தபடியேதான்.

நாடகத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கே திடல் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் நடுவில், எல்லாருக்கும் முந்தி வந்து, பாய் விரித்து உட்கார்ந்திருந்தார் பாக்கியம் அக்கா. தலையில் மல்லிகைப் பூ. கேட்ட பெண்களுக்கெல்லாம், "இந்த வருசம் ராஜா" என்று மட்டும் சொன்னாராம்.

திரை விலகியது. அட்டைக் கிரீடமும் ஜிகினா அங்கியுமாக ராஜா சிம்மாசனத்தில் வீற்றிருந்தார். வலப்பக்கம் மகாராணி. மீசையை எடுத்துவிட்டு வந்த எங்கள் இட்லிக்கடைக்காரர். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. ராஜா வாயைத் திறந்தார். காற்று வந்தது.

வாத்தியார் மறுபடியும் சுருதி கொடுத்தார். இந்தத் தடவை குரல் வந்தது. எதிர்வீட்டு ஆடு அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய குரல். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ராஜா குழிக்குள் மிதிகட்டையைப் போட்டு மிதிக்கிறார், மிதிக்கிறார், சிம்மாசனமே ஆடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. மேடை ஓரத்தில் என் பக்கத்தில் நின்ற தலைவர், "எட்டாவது வருசமும் நானே பாடியிருந்தா இந்தச் சங்கடம் உண்டா?" என்றார். அதில் எத்தனை சீழ்க்கை இருந்தது என்று நான் எண்ணவில்லை.

நான் அந்த நேரத்தில் பாகவதருடைய கையைப் பார்த்தேன். வலது கை, நாடாவைத் தள்ளுவதுபோல ஒரு தடவை வலப்பக்கம் போனது. போன கை அங்கேயே காத்திருந்தது. பதில் வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் முன்வரிசையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் மேடையை விட்டு இறங்கி ஓடினேன்.

"அக்கா, கொஞ்சம் மேல வாங்க."

"நானா? நான் நாடகம் பாக்க வந்துக்கிறேம்பா."

"நீங்க பக்கத்துல இல்லாம அவருக்குப் பாட்டு வரல அக்கா."

அக்கா மேடையில் அவருடைய கையை மட்டும் பார்த்தார். கை இன்னும் அந்த இடத்திலேயே நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைப் படி ஏறினார். எங்கள் மேடையில் அதற்கு முன் ஒரு பெண் கால் வைத்ததில்லை. ராஜா கம்பீரமாகத் திரும்பி, அந்த நாடகத்தில் அவர் தெளிவாகச் சொன்ன முதல் வசனத்தைச் சொன்னார்.

"மகாராணி, நீ அப்பால போ."

மகாராணி வேஷ்டியை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இதுக்கா மீசைய எடுத்தேன்?" என்று தடித்த குரலில் கேட்டபடி உள்ளே போனாள்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இல்லாத கரையைக் குனிந்து பார்த்தார். சிம்மாசனப் பலகையில் விரலால் ஒரு தட்டு தட்டினார். ராஜாவின் கால் இறங்கியது. பாட்டு வந்தது.

அப்புறம் நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. இரண்டரை மணி நேரம் ஓர் ஆள் எழுந்திருக்கவில்லை. திடலில் இருந்தவர்கள் பெரும்பாலும் தறிக்காரர்கள். பாட்டு ஏற ஏற, அவர்களுடைய கால்கள் தாமாகவே மணலில் வலது இடது என்று மிதிக்க ஆரம்பித்தன. தலைவருடைய காலும் மிதித்தது. மறுநாள் அவரிடம் கேட்டபோது கால் மரத்துப் போயிருந்ததாகச் சொன்னார்.

மன்றக் கூட்டத்தில், பெண் மேடையேறியது விதிமீறல் என்று தலைவர் எழுதச் சொன்னார். பாக்கியம் அக்கா நடிக்க ஏறவில்லை, வழக்கமான வேலையைச் செய்ய ஏறினார் என்று நான் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதியதால் தலைவர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் தறியில் இருந்தார்கள்.

"ராஜா எப்படி இருந்தாருக்கா?" என்றேன்.

"நான் எங்க பாத்தேம்பா? பாட்டு வரணுமேன்னு தெர தொறக்கும்போதே கண்ண மூடிக்கினேன். அப்பால பக்கத்துல உக்காந்தா கரையத்தானே பாப்பேன்" என்றார். கரை நாடாவை ஒரு தடவை தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கிரீடம் வச்சிக்கினு இருந்தாரா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் காத்திருந்து, வந்த அன்றைக்கும் அந்த அம்மாள் பார்க்கவில்லை. நேரே மன்றத்துக்குப் போய், சாமான் பெட்டியைத் திறந்து, அந்த அட்டைக் கிரீடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். பாகவதர் நெய்துகொண்டே பாடிக்கொண்டிருந்தார். பின்னால் போய் அவர் தலையில் வைத்தேன். அவர் பாட்டை நிறுத்தவில்லை. கிரீடம் கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்தது.

அக்கா கரையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கரை நாடா வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பாட்டு நின்றது.

ஓர் இழை பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி நெய்கிற மனிதர், அன்று பிரிக்கவில்லை. அந்தச் சேலை யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதோ தெரியாது. எங்கோ ஒரு பீரோவில், கரையில் அந்தச் சின்னப் பிசகோடு இன்னும் இருக்கும். அதைக் கட்டியவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.