இட்லி மாவில் எரிந்த பல்பு

காலை பத்து மணி பதினேழு நிமிடம். செம்பூரில் என் மகள் ஜெனிபரின் பள்ளி மைதானம், அறிவியல் கண்காட்சி, பன்னிரண்டாம் மேஜை. பல்பு மங்குகிறது என்று நான் கண்டுபிடித்த நேரம் அது. மங்கினால் மங்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பிள்ளைக்காகப் பதறுவதில் எனக்கு இருபது வருட அனுபவம் (அவளுக்கு வயது பதினான்குதான், மீதி முன்பயிற்சி).

போன வருடம் அவள் மாடலில் ஒரு ஒயரை நான் ‘சரிசெய்து’ தந்தேன். நடுவர் வந்தபோது அது அசையவே இல்லை. பாத்ரூமில் போய் அழுதாள். அதனால் இந்த முறை நிபந்தனை: “பப்பா, பை தூக்க மட்டும் வாங்க. எதையும் தொடக்கூடாது.”

மாடல் எளிது. சின்ன கேஸ் அடுப்பின் மேல் இரும்புத் தகடு. அதன்மேல் பிஸ்கட் அளவில் இரண்டு தெர்மோஎலெக்ட்ரிக் சில்லுகள். அவற்றின் மேல் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரம். அடியில் சூடு, மேலே குளிர். அந்த வித்தியாசம் இருக்கும்வரை மின்சாரம் வரும், குட்டி பல்பு எரியும். தண்ணீர் சூடானால் வித்தியாசமும் போச்சு, பல்பும் போச்சு.

தண்ணீர் சூடாகத் தொடங்கியது. ஜெனிபர் வாளியுடன் குழாய்க்கு ஓடினாள். “மங்குச்சுன்னா அடுப்ப அணைச்சிருங்க. அவ்ளோதான்.”

அவள் போனதும்தான் பல்பு மங்கியது. குழாயடியில் கியூ. நடுவரோ பத்தாம் மேஜைக்கு வந்துவிட்டார். அணைப்பதா? இந்த வருடமும் பிள்ளை அழுவதா? விடமாட்டேன்.

என் பையில் இட்லி மாவு இருந்தது. விக்ரோலியில் இருக்கும் என் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மனைவி தந்த எவர்சில்வர் டப்பா. ஜில்லென்று, கனமாக, அடி தட்டையாக. தண்ணீர்ப் பாத்திரத்தை இறக்கிவிட்டு அதை ஏற்றினேன்.

பல்பு பளீரென்று எரிந்தது! பக்கத்து மேஜையில் மகனின் எரிமலைக்குக் காவல் நின்ற ஒரு தகப்பனார் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சில நிமிடங்களில் மறுபடி மங்கல். சூடு போதவில்லை என்று (நான் காமர்ஸ் படித்தவன்) தீயைக் கூட்டினேன். இன்னும் மங்கியது. இன்னும் கூட்டினேன். பல்பு அணைந்தது, டப்பாவின் மூடி மெல்ல எழுந்தது.

“பாய்சாப், இட்லி பன் ரஹா ஹை க்யா?” என்றார் எரிமலைக்காரர் இந்தியில். இட்லியா வேகிறது என்று கேட்கிறார்.

ஜெனிபர் வாளியுடன் வந்து நின்றாள். முதலில் அடுப்பை அணைத்தாள்.

“இது என்ன பப்பா?”

“மாவு.”

“அரே, அது தெரியுது. ஏன்?”

“ஜில்லுன்னு இருந்துச்சு பிள்ள...”

நடுவர் வந்துவிட்டார். இளம்பெண், கல்லூரி ஆசிரியை. நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும், தமிழிலேயே கேட்டார்: “ஏம்மா அணைஞ்சுபோச்சு?”

நான் வாயைத் திறந்தேன்.

“நீங்க சும்மா இருங்க பப்பா.” ஸ்கேலை டப்பாவுக்குள் செருகி ஒரு துண்டைக் கிளப்பினாள். அடியில் கருகல், நடுவில் இட்லி, மேலே பச்சை மாவு.

“தண்ணின்னா சூடானது மேல போகும், குளிர்ந்தது கீழ வரும் மேடம். மாவு நகராது. அடி மட்டும் வெந்துருச்சு. மேல தொட்டுப் பாருங்க, இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு. அந்தக் குளிர் சில்லுக்கு வந்து சேரவே இல்ல.”

ஸ்கேலில் இருந்த துண்டை நடுவரிடம் நீட்டினாள்.

நடுவர் தொட்டுப் பார்த்தார். நிறைய எழுதினார். பிறகு என்னைக் காட்டி, “இவர் யாரு? உன் டீமா?” என்றார்.

“இல்ல மேடம். பை தூக்க வந்தவங்க.”

அவளை அடுத்த சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கோ இன்றும் இட்லி வேகும் வாசனை வந்தால் உள்ளங்கை வியர்க்கிறது. அந்தப் பட்டப்பெயரும் போகவில்லை. நான் வீடு சேருவதற்குள் அது போனில் விக்ரோலி சேர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கருகிய டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலிங்பெல் அடித்தது. தங்கை உள்ளே வந்து, சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏ பை தூக்குறவரே, என் மாவு எங்க?”