நேர்நரம்பு நாடு

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நாடு இருந்தது. அக்கரையில் வெறும் மணல்தான். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடாதீர்கள், அகப்படாது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். குழந்தை பிறந்ததும் வாசலில் ஒரு செடி நடுவார்கள். செடியின் பெயர்தான் குழந்தைக்கும். தெருவில் நின்று "ஏ நொச்சி!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், காற்றடித்தால் செடியும் தலையாட்டும்.

கோரை என்பவள் அங்கே அரசாங்க இலை ஆய்வாளர். அவள் கணவர் பூவரசு அரண்மனைத் தோட்டக்காரர். அரசர் பிறந்த அன்று நட்ட மூங்கிலுக்குத் தினமும் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. கல்யாணமாகி வந்தபோது கோரை தன் செடியை வேரோடு பெயர்த்து வந்து அவருடைய பூவரச மரத்தடியில் நட்டாள். அவள் கோபித்துக்கொண்டு சாப்பிடாத நாட்களில் மனுஷர் அந்தக் கோரைக்கு ஒரு சொம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றுவார். அதற்குமேல் அவளால் எப்படிக் கோபமாக இருக்க முடியும், சொல்லுங்கள்!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மூங்கிலரசர் தம் மூங்கில் இலையை உற்றுப் பார்த்தார்.

"அமைச்சரே, கண்டீரா? நரம்புகள் எல்லாம் நேர்கோடு. ஒன்றை ஒன்று தொடுவதில்லை, ஒன்றை ஒன்று கேள்வி கேட்பதுமில்லை."

"ஒழுக்கம் என்பதே அதுதான் அரசே. இந்தப் பூவரசு, நொச்சி வகையறாவின் இலையில் பாருங்கள், நரம்புகள் கூடிக் கூடி வலை பின்னுகின்றன. கூடுகிறவர்கள் எதற்குக் கூடுவார்கள்?" என்றார் தாழை அமைச்சர். அவர் வாசலில் நின்றதும் நேர்நரம்புச் செடிதான்.

அன்றே முதல் ஆணை பிறந்தது. பழைய பெயர்கள் செல்லாது, இனி ஒவ்வொருவருக்கும் இரட்டைப் பெயர். கோரை "நேர்நரம்பி முக்கோணத்தண்டி" ஆனாள். பூவரசு "வலைநரம்பி இதயவடிவி" ஆனார். அந்தப் பெயரில் மட்டும் நாட்டில் ஐந்நூறு பேர். சந்தையில் தொலைந்த குழந்தையைக் கூப்பிட்டுத் தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"இதயவடிவியா? பரவால்லயே, உங்களுக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்று கோரை கேலி செய்தாள்.

"உன் வாயிலருந்து அந்தப் பேரு வேணாம். எப்பவும்போலக் கூப்பிடு" என்றார் அவர்.

இரண்டாவது ஆணைக்குக் காரணம் கோரையே. பாவம், வெள்ளந்தியாகத் தன் ஆண்டறிக்கையில் எழுதிவிட்டாள், இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு என்று. அமைச்சர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"எத்தனை வாய்?"

"ஒரு இலைக்கே லட்சக்கணக்குல இருக்கும் ஐயா."

"லட்சம் வாயா! அவை என்ன பேசுகின்றன?"

"பேசாதுங்க ஐயா. மூச்சு விடும்."

"இன்று மூச்சு விடும். நாளை?"

வலைநரம்பு இலைகளின் அடியில் எல்லாம் மாவுப்பசை தடவ உத்தரவாயிற்று. செடிகள் மூச்சுமுட்டி வாடின. பூவரசு தினமும் விடியலில் எழுந்து, எட்டிய இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். கோரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் எழுதிய ஒரு வரி இப்படி வந்து நிற்கிறதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

மூன்றாவது ஆணை வந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலை நரம்புடையோர் அனைவரும் பதினைந்து நாளில் அக்கரைக்குப் போய்விட வேண்டும். பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் இலை ஆய்வாளர்.

பூவரசு சண்டை போடவில்லை. மரத்தில் ஒரு கிளையை வெட்டி, நுனியில் சாணம் அப்பி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்தார். மணலில் நட்டாலும் பிடித்துக்கொள்ளும் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன் கோரைக்கு யாரு தண்ணி ஊத்துவாங்கன்னுதான் யோசனையா இருக்கு."

கோரை அழுதாள். நன்றாக அழுது தீர்த்துவிட்டு லென்ஸைக் கையில் எடுத்தாள்.

ஆய்வு அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமான இலைக்கு மட்டும்தான் லென்ஸ். நேர்நரம்பு இலையை வெறும் கண்ணால் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருஷ வேலையில் அவளும் அப்படித்தான் செய்திருந்தாள். அன்று முதல்முறையாகத் தன் கோரை இலையை வெயிலுக்கு நேரே பிடித்து லென்ஸ் வழியே பார்த்தாள்.

அடேயப்பா! நேர்கோடுகளுக்கு இடையே, குறுக்கே, மயிரிழையாகச் சின்னச் சின்ன நரம்புகள், ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டு. அதுவும் வலைதான். அமைச்சரின் தாழையைப் பார்த்தாள், அதிலும் இருந்தது. கணவரோடு போய் அரசரின் மூங்கிலைப் பார்த்தாள், அதிலும் இருந்தது.

மறுநாள் சபையில் அறிக்கையை வாசித்தாள். "அரசே, வலை இல்லாத இலை நம்ம நாட்டுல ஒண்ணுகூட இல்லை. இந்த மூங்கில் உட்பட."

அமைச்சர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. ஆணையைத் திரும்பப் பெறலாம் என்று முனகினார்.

அரசருக்கோ மூக்குக்கு மேல் கோபம். "நாம் இட்ட ஆணையை நாமே விழுங்குவதா? சட்டம் சட்டம்தான். அரசருக்கு மட்டும் விலக்கு. மற்றபடி வலையுள்ள அனைவரும் போகட்டும்!" எல்லாரும் காலில் விழுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கோரை அங்கேயே கையெழுத்திட்டாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

ஆளுக்கொரு கிளையோ வேரோ எடுத்துக்கொண்டு எல்லாரும் ஆற்றைக் கடந்தார்கள். வீரர்கள் கடந்தார்கள், சமையல்காரர்கள் கடந்தார்கள், கடைசியாக அமைச்சரும் தாழைக்கன்றோடு முள் குத்தக் குத்தக் கடந்தார். இறங்கியதும் தொண்டையைச் செருமி, "இக்கரைக்கு யார் முதலில் வந்தது என்று ஒரு பட்டியல்..." என்று ஆரம்பித்தார். யாரோ அவர் கையில் ஒரு குடத்தைத் திணித்தார்கள்.

ஒரு மாதம் போயிற்று. அக்கரை மணலில் பூவரசங்கிளை துளிர்விட்டது, அதன் அடியில் கோரையும் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் சாயங்காலம் எதிர்க்கரையிலிருந்து அரசர் கத்துவது கேட்டது. மூங்கில் காய்கிறதாம். "ஏ, வலைநரம்பி இதயவடிவி!" ஒருவரும் திரும்பவில்லை. அது யாருடைய பெயரும் இல்லையே! அவர் தொண்டை கட்டும்வரை கத்தினார்.

பூவரசு எழுந்தார். "செடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று குடத்தைத் தூக்கினார்.

கோரைக்கு ஆத்திரம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "போங்க. ஆனா முதல்ல உங்க பேரைக் கேக்கட்டும். அப்புறம் ஊத்துங்க."

முழங்கால் அளவு தண்ணீரில், கரைக்கு நாலு அடி முன்பு, பூவரசு குடத்தோடு நின்றார். அரசர் குடத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். நாற்பது வருஷமாகத் தம் மூங்கிலுக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதர்.

"உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார்.