பன்னிரண்டு செடிகளுக்கும் நீங்களே பொறுப்பு

கெமியார்வி,
ஜூன் 17

மதிப்பிற்குரிய எஸ்கோ மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் தௌனோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஹில்க்காவும் சுகம். ஏரியில் பனிக்கட்டி உடைந்து கொசுவும் வந்துவிட்டது. துர்க்குவில் தாங்களும் தங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பிய செடிகள் மட்டும் சுகமாக இல்லை. பன்னிரண்டும் செத்துவிட்டன. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பொறுத்தருளவும்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் நான் ஓய்வு பெற்ற விருந்துக்கு ஆளாளுக்குக் காப்பிக் கோப்பை கொண்டு வந்தார்கள், நீங்கள் இரண்டு செர்ரிக் கன்றும் ஒரு பிளம் கன்றும் கொண்டு வந்தீர்கள். கடற்கரைக் காற்றில் வளர்ந்த தெற்கத்திச் செடி, இந்த வடகோடி லாப்லாந்தில் முதல் குளிரிலேயே போய்விட்டது, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, தெரியாமல் செய்த பிழை. அடுத்த வருடம் லைலாக், ரோஜாப் புதர் என்று நான்கு வந்தன, அவையும் போயின. மூன்றாம் வருடம் "இது ஏழாம் குளிர் மண்டலம் வரை தாங்கும், கவலையே படாதீர்கள்" என்று எழுதி இன்னும் நான்கு அனுப்பினீர்கள். கெமியார்வி ஏழாம் மண்டலம்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் செடிக்குத் தெரியவில்லையே! இப்போது என் தோட்டத்தில் பெயர்ப்பலகைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து வீட்டு ஐலா, அதுதான் பனிமான் வளர்க்கிறாளே அவள், வேலிக்கு அந்தப்புறம் நின்று, "தௌனோ, இது தோட்டமா, கல்லறையா? ஞாயித்துக்கிழமை மெழுகுவத்தி கொண்டாரட்டுமா?" என்று கேட்கிறாள்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை மச்சான். ஹில்க்கா முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் துர்க்குவை விட்டு என்னோடு இங்கே வந்தாள். ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் பூத்த மரம் ஒன்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். போன வருட வசந்தத்தில் பதினோராவது செடியும் கருகியபோது கையில் இருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: "தௌனோ, எனக்கும் வயசாகுது. அடுத்த ஜுஹன்னுஸ் வரைக்கும் பாப்பேன். ஒரு பூவாச்சும் பூக்கலேன்னா வீட்டை வித்துட்டு அண்ணன் பக்கத்துலயே போயிடுவோம்." ஜுஹன்னுஸ் நடுக்கோடைப் பண்டிகைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. நீங்கள் அதற்குள் உங்கள் தெருவிலேயே பால்கனி வைத்த வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்களாம். பால்கனி! முப்பத்தோரு வருடம் நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் பால்கனியில் எதைத் தள்ளுவான்? எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனம் இல்லை மச்சான். அதை ஹில்க்காவிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

கவனிப்பில் குறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் செடிகளைப் போல் கவனிக்கப்பட்ட செடிகள் இந்த நாட்டிலேயே கிடையாது. முயல் கடிக்காமல் ஒவ்வொன்றுக்கும் கம்பி வலை போட்டேன். குளிர்காலத்தில் ஒரு நாள் தவறாமல், காலைக் காப்பிக்கு முன்னால், தோட்டத்துப் பனி முழுவதையும் வழித்து எடுத்தேன். வாசற்கதவில் இருந்து சவுனா நீராவிக் குளியலறை வரை கறுப்பு மண் தெரியும். வேரைச் சுற்றித் துடைப்பத்தால் பெருக்குவேன், ஒரு பொட்டு வெள்ளை இருக்காது. நான் சுத்தம் செய்த சாலையில் பேருந்து ஓட்டுநர்கள் காப்பி சிந்தாமல் குடித்துக்கொண்டு போனவர்கள், என் வீட்டுத் தோட்டத்தை அப்படியே விட்டுவிடுவேனா? ஐலாவுக்கு அதிலும் வயிற்றெரிச்சல். "இப்படிச் சொரண்டிப் போடுறியே, செடிக்குக் குளிராதா?" என்றாள். "பனிதானே குளிர்? அதைத்தான் எடுத்துட்டேனே, அப்புறம் எப்படிக் குளிரும்?" என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுடைய பனிமான்கள் மேலும் சந்தேகப்பட்டேன், அதை மறைக்கவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "என் மானுங்க செத்த குச்சியெல்லாம் திங்காது. அதுங்களுக்கும் ஒரு கௌரவம் இருக்கு" என்று கதவைச் சாத்தினாள். சரி என்று நீங்கள் செடி வாங்கிய நாற்றுப்பண்ணைக்கே தொலைபேசியில் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். மண் எப்படி, காற்று எப்படி என்று விசாரித்துவிட்டு, "செடி மேல எவ்வளவு பனி இருந்துச்சு ஐயா?" என்றாள். "ஒரு விரக்கடை கூட இல்லம்மா" என்றேன். "லாப்லாந்துலயா?" என்றாள். "நான் இருக்கிற இடத்துல பனி நிக்காதும்மா" என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. தோல்வியை ஒப்புக்கொள்ள அவர்களுக்கும் நேரம் எடுக்கும்தானே என்று நானே தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன செப்டம்பரில் அனுப்பினீர்களே, ஆப்பிள் கன்று, அதனோடு ஒரு சீட்டும் வைத்திருந்தீர்கள்: "இதுவும் போனால் கோளாறு செடியில் இல்லை." அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில், சாகப்போகிற செடிக்கு நல்ல இடம் எதற்கு என்று சவுனாவுக்குப் பின்னால், நான் பனியைக் கொண்டுபோய்க் கொட்டுகிற மூலையில், மண்வெட்டியால் இரண்டே வெட்டு வெட்டி நட்டு, காலால் மிதித்துவிட்டு வந்தேன். தோட்டத்துப் பனி எல்லாம் அதன் தலையில்தான் விழுந்தது. ஜனவரியில் குவியல் சவுனாப் புகைபோக்கிக்கு மேலே நின்றது. அந்தச் செடியை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஹில்க்கா கேட்டபோது, நல்ல இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆகவே மச்சான், இனி ஒரு விதையும் அனுப்ப வேண்டாம். அந்தப் பால்கனி வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். முடிந்தால் துர்க்குவில் இப்போது தண்ணீர் சரியில்லை என்று ஹில்க்காவுக்கு நாலு வரி எழுதுங்கள். தங்கள் முழங்காலுக்கும், பால்கனியில் தாங்கள் வளர்க்கும் தக்காளிக்கும் எங்கள் அன்பு. ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், செடி வாங்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானமும் தரட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த தங்கள் மைத்துனன்
தௌனோ

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், நான்கு பக்கம் கைவலியோடு எழுதியதால் மனம் வரவில்லை. உறையை ஒட்டும் நேரத்தில் ஹில்க்கா, பண்டிகைச் சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ள பிர்ச் மர இலைக்கொத்து ஒடித்து வரச் சொன்னாள். சவுனாவுக்குப் பின்னால் போனேன். பனிக்குவியல் கரைந்து சேறாகிக் கிடந்தது. சேற்றின் நடுவே உங்கள் ஆப்பிள் நின்றது. ஒரு கிளை முறிந்து தொங்கியது, மற்றக் கிளைகளில் ஏழு பூ. இரண்டு தடவை எண்ணினேன். அந்த வழியாக மானை ஓட்டிக்கொண்டு வந்த ஐலா எட்டிப் பார்த்து, "அப்பாடா, ஒண்ணுக்காவது போர்வை போத்தி விட்டிருக்கியே" என்றாள். கடுங்குளிரில் இருந்து வேரைக் காக்கும் போர்வையே பனிதான் என்றும், அந்த நாற்றுப்பண்ணைப் பெண் ஏன் பேசாமல் இருந்தாள் என்றும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினொன்றையும் கொன்றது நான்தான் மச்சான். தினமும் காலையில், துடைப்பத்தோடு.

ஹில்க்காவைக் கூட்டி வந்து காட்டினேன். சவுனாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "இங்கயே இருந்துடலாம் தௌனோ. இது மட்டும் எப்படிப் பொழைச்சுது?" என்றாள். "உன் அண்ணன் அனுப்பின செடியாச்சே" என்றேன். இதற்கு மேல் அவளிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் உங்களிடம் ஓர் உதவி. அக்டோபரில், முதல் பனி விழுவதற்குள், எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் முதுகை நினைத்துத் தங்களுக்குத் தூக்கமே வரவில்லை என்றும், வாசல் வழியைத் தவிரத் தோட்டத்துப் பனியில் நான் கை வைக்கக் கூடாது என்றும் கண்டிப்பாக எழுதுங்கள். ஹில்க்கா அதைச் சத்தமாகப் படிப்பாள். நான் கோபித்துக்கொண்டு, முடியவே முடியாது என்று பதில் போடுவேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.