சளி டப்பா விஷயமாக சம்பந்திக்கு

சின்னக்கானல்,
ஆடி 24, ஞாயிறு

மாட்டுப்பட்டியில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி பாண்டித்துரை அவர்களுக்கு, சுருளிவேல் கைகூப்பி எழுதிக்கொண்டது. நிச்சயதார்த்தம் முடியாமல் சம்பந்தி என்று எழுதலாமா என்று மனைவி மாரித்தாய் கேட்டாள். எழுதிவிட்டேன், இனி அந்த வார்த்தையைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. இங்கே நான், மனைவி, மகள் மோனிஷா மூவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அந்த ஒரு வார்த்தையை எழுத முடியாமல் போனதால்தான் இந்தக் கடிதமே எழுத வேண்டியதாயிற்று. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கம். இது நீங்கள் தனியாக, முடிந்தால் உட்கார்ந்துகொண்டு, படிக்க வேண்டிய விஷயம்.

மூன்று மாதமாக எனக்கு இருமல். டீ பாக்டரியில் முப்பத்தோரு வருடம் டிரையர் பக்கம் நின்றவனுக்கு இருமல் இல்லாவிட்டால்தான் அதிசயம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு மெடிக்கல் காலேஜிலிருந்து டிபி ஆராய்ச்சி என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள். எக்ஸ்ரே மெஷின் என்றால் ஒரு அறை முழுக்க நிற்கும் என்று நினைத்திருந்தேன், இவர்கள் கல்யாண வீட்டு கேமரா போல ஒன்றைக் கையில் பிடித்து எங்கள் வாசலிலேயே எடுத்துவிட்டார்கள். படத்தை டாக்டர்கூடப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர் பார்த்தது. பார்த்து அரை நிமிடத்தில் என் வலது நெஞ்சில் ஒரு மஞ்சள் வட்டம் போட்டுவிட்டது! நம் பிள்ளைகளுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர்கூட ஒரு மணி நேரம் யோசித்தார்.

எங்கள் பகுதி வீடுகளுக்குச் சுகாதார வேலையாக வரும் ஆஷா வொர்க்கர் சிஞ்சு, கோட்டயத்துப் பெண், மூடி போட்ட ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தாள். "சேட்டா, ராவிலே, காலையில, எழுந்த உடனே நெஞ்சில இருந்து எடுத்துத் துப்பணும். எச்சில் வேண்டா, கபம் வேணும். நம்முடைய மெஷின் ரெண்டு மணிக்கூரில் சொல்லிடும், எந்த மருந்துக்குக் கேக்காதுன்னு வரைக்கும் சொல்லும்." ரெண்டு மணி நேரம்! ஆவணி மூன்றாம் தேதி நிச்சயம், பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, பெண்ணின் தகப்பனுக்கு டிபி என்று காகிதம் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பயந்துவிட்டேன். பயத்தில் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன்.

எஸ்டேட் மஸ்டர் உங்களுக்குத் தெரியாததா? காலையில் பெயர் கூப்பிடும்போது ஆள் வரவில்லை என்றால் பக்கத்து ஆள் குரல் கொடுப்பான். எனக்காகப் பக்கத்து வீட்டு சிலுவைராஜ் குரல் கொடுப்பான், அவனுக்காக நான் கொடுப்பேன், இத்தனை வருடத்தில் ஒரு சூப்பர்வைசரும் கண்டுபிடித்ததில்லை. சிலுவைராஜ் அறுபத்திரண்டு வயதில் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து எண்பது படி ஏறுகிறவன், தும்மிக்கூடப் பார்த்ததில்லை. அவனிடம் டப்பாவை நீட்டி, "எலேய், எனக்குப் பதிலா நீ துப்பிக் குடு" என்றேன். "இதுக்குமா ஆள் மாத்துற? சரி, குடு" என்று வாங்கிப் போனான். மறுநாள் காலை டப்பா நிறையத் திரும்பி வந்தது. நானும் என் பெயரைச் சொல்லி சிஞ்சுவிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சிஞ்சு வந்தாள். "சேட்டா, பேடிக்கண்டா, பயப்பட வேண்டா. டிபி உண்டு. ஆனா எல்லா மருந்துக்கும் கேக்குற வகை, ஆறு மாசத்துல மாறி சுகமாகும்." அந்தச் சளி என்னுடையதே இல்லையே என்று வாய் வரைக்கும் வந்தது, எப்படிச் சொல்வேன்? மறுநாள் முதல் அவள் என் முன்னால் நின்று, நான் விழுங்கும்வரை நகராமல், மாத்திரை கொடுக்க ஆரம்பித்தாள். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு மிட்டாய் கலரில் போனது. மாரித்தாய் பார்த்துவிட்டு, "ஐயையோ, ரத்தம் ரத்தம்" என்று கூப்பாடு போட்டதில் லயமே கூடிவிட்டது. மாத்திரையால் வருகிற கலர்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சிஞ்சு வந்து சொல்லும்வரை எனக்கு எண்ணெய் தேய்த்து உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தக் களேபரத்தின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. நோய் சிலுவைராஜுக்கு, மாத்திரை எனக்கு! அவன் பாட்டுக்குப் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறான். இருமாதவனுக்கு எப்படி டிபி வரும் என்று சிஞ்சுவிடம் பட்டும்படாமலும் கேட்டேன். "இப்போ ஆராய்ச்சியில அதுதான சேட்டா சொல்றது, கண்டுபிடிக்கிறவங்கள்ல பாதிப் பேர்கிட்ட இருமலே காணாது. அதுக்குத்தான் வீடு வீடா எக்ஸ்ரே எடுக்குறது" என்றாள். மூன்று நாள் மாத்திரையை விழுங்கினேன், நாலாம் நாள் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "என்ட மாதாவே! இது எந்து பணியா சேட்டா?" என்று தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் திட்டியது முழுக்க மலையாளத்தில் இருந்ததால் பாதிதான் புரிந்தது, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

எனக்கு மாத்திரையை நிறுத்தி, என் சொந்தச் சளியை வாங்கிப் போனார்கள். அதில் அடுத்த அதிர்ச்சி. மெஷின் டிபி இல்லை என்கிறது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதே மாதிரிப் பூச்சி தெரிகிறது. டாக்டர் கூப்பிட்டு, "இது டிபி இல்லைங்க, டிபியோட பங்காளி வகை. மண்ணுலயும் தண்ணியிலயும் கெடக்கும். சாதாரணமா ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்தாது. எந்தப் பங்காளின்னு வளர்த்துப் பாத்துதான் மருந்து சொல்லணும், சில வாரம் ஆகும்" என்றார். ஊரில் பங்காளித் தகராறு போதாது என்று நெஞ்சுக்குள்ளும் ஒருவன் குடிவந்திருக்கிறான்.

ஆகவே சம்பந்தி, விஷயம் இவ்வளவுதான். எங்கள் வீட்டில் டிபி இல்லை. டிபி அடுத்த வீட்டில் இருக்கிறது. சிலுவைராஜிடம் சொன்னேன், முகம் வெளுத்துப்போய் ஜெபம் பண்ண உட்கார்ந்துவிட்டான், பாவம். அவனுக்கும் நாளை எக்ஸ்ரே, சளி எல்லாம் எடுக்கிறார்கள். நிச்சயத்துக்கு அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முப்பது வருடச் சிநேகிதனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் உங்களுக்காகச் சொன்னேன். மாப்பிள்ளை ராஜசேகர் நாள் முழுக்க மலைக்காற்றில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஜீப் ஓட்டுகிற திடகாத்திரமான பிள்ளை, அவருக்கு எங்களால் ஒரு கெடுதலும் வராது. யாராவது வந்து வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் காலத்தில் ஒரு வியாதியைச் சாக்காக வைத்து நல்ல சம்பந்தத்தை முறிப்பது படித்தவர்கள் செய்கிற காரியம் அல்ல. என் மகள் உங்கள் பிள்ளை மேல் உயிராக இருக்கிறாள், அதை மட்டும் மனசில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி. உங்கள் மாடு கன்று, ஜீப், எல்லாம் நன்றாக இருக்க முருகனை வேண்டும்,

சுருளிவேல்

பி.கு: செவ்வாய்க்கிழமை. கவரை ஒட்டப் பசை எடுத்தபோது சிஞ்சு வந்தாள். சிலுவைராஜுக்கு எக்ஸ்ரே சுத்தம். சளியே வரவில்லையாம், உப்புத் தண்ணீர் ஆவி பிடிக்க வைத்து எடுத்திருக்கிறார்கள், அதிலும் ஒன்றுமில்லை. "அப்ப அந்த டப்பாவுல இருந்தது யாரோடதுலே?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் அழுதே விட்டான். "அன்னைக்கு அரை மணி நேரம் காறுனேன் சுருளி, வெறும் எச்சிதான் வந்துச்சு. அந்நேரம் பாத்து ஒம் மருமவன் காந்தலூர் ஆப்பிள் ஒரு பை கொண்டாந்தாரு. இருமிக்கிட்டே ஜீப்புல இருந்து எறங்குனாரு. ஒங்க மாமாவுக்கு ஒரு ஒதவின்னு டப்பாவ நீட்டுனேன். ஒரே இருமல்ல நெறச்சுட்டாரு. காட்டிக்குடுக்க மனசு வரல. ஆண்டவரே, எனக்கே வந்துரட்டும்னு ஜெபம் பண்ணிக்கிட்டுக் கெடந்தேன்."

சம்பந்தி, அந்தச் சளி மாப்பிள்ளையுடையது. மாரித்தாய் உடனே, "வேற எடம் பாப்போம்" என்றாள். அதற்குள் மோனிஷா மாப்பிள்ளைக்குப் போன் போட்டு முடித்துவிட்டாள். "ஆறு மாசம் மாத்திரை. தெனமும் போன்ல வீடியோவுல வந்து என் முன்னால முழுங்கணும்னு சொல்லிட்டேன். ஏழாம் மாசம் கல்யாணம். நடுவுல யாராச்சும் வேற எடம்னு பேச்செடுத்தீங்க, நான் பொட்டிய எடுத்துட்டு மாட்டுப்பட்டிக்குப் போயிருவேன்" என்கிறாள். போவாள், எனக்கு அவளைத் தெரியும்.

எனவே நிச்சயத்தை ஒத்திவைப்போம். நாளைக்கே மாப்பிள்ளையை அழைத்துப்போய்ப் பாருங்கள், வீட்டில் அத்தனை பேரும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு டப்பா கொடுப்பார்கள். சம்பந்தி, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த நேரத்தில் அவர் பக்கத்திலேயே நில்லுங்கள், அவரே துப்பட்டும்.