அம்புக்குறி அண்ணாச்சி

ஒரு நல்ல மனிதரை நாலு பேர் சிரிக்கும்படி செய்தவன் நான். பொறாமையால் செய்தேன்.

தூத்துக்குடியிலேயே அம்புக்குறியை நம்பாத ஒரே ஆள் அவர். துறைமுகச் சாலையில் நாங்கள் வேலை பார்த்த பழைய இரும்புக் கிடங்கில் அவருக்குப் பெயரே அம்புக்குறி அண்ணாச்சி. காரின் சைலன்சரோடு வரும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. காரோடு கம்பெனி மாட்டி அனுப்பியதில் பிளாட்டினம் கணிசமாக இருக்கும். பின்னால் கடையில் வாங்கி மாட்டிய லோக்கலில் பேருக்குத்தான் இருக்கும். வெளியே இரண்டும் ஒரே தகர டப்பா. லோக்கலில் மட்டும் பெரும்பாலும், எந்தப் பக்கமாக மாட்டுவது என்று அம்புக்குறி குத்தியிருக்கும்.

"கம்பெனிக்காரனுக்குத் தன் வண்டியில எப்பிடி மாட்டணும்னு தெரியாதாவே? வழி தெரியாதவனுக்குத்தான் அம்புக்குறி" என்பார்.

இதை அவர் டப்பாவோடு நிறுத்தவில்லை. ஆத்தூரில் தங்கை மகள் கல்யாணம். தெருமுனையில் மண்டபத்துக்கு அம்புக்குறி போட்ட அட்டையைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

"வேண்டியவன்னா ஆளு வந்துல்லா கூட்டிட்டுப் போவான்."

நான் வேதியியல் படித்தவன். ஆலை ஆய்வகத்தில் ஓய்வு பெற்று, உலோகம் சோதிக்கும் மிஷினோடு கிடங்கில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவை அறுத்தால்தான் என் மிஷின் வாய் திறக்கும். அண்ணாச்சி விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிவிடுவார். வியாபாரிகள் அந்தச் சொல்லை நம்பியே சரக்கை ஏற்றிப் போனார்கள்.

"சார்ஜ் போனா சார் மிசினு ஊமை. அண்ணாச்சிக்குச் சார்ஜே வேண்டாம்" என்று லோடுமேன் சொன்னது என்னைச் சுட்டது.

ஒரு லோக்கல் டப்பாவின் அம்புக்குறியை அரத்தால் தேய்த்து, கம்பெனி எண்போல ஒன்றைக் குத்தி, அவரிடம் நீட்டினேன். "கம்பெனிதான் அண்ணாச்சி. நான் பாத்துட்டேன்."

அன்று அவர் தட்டவில்லை. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கம்பெனிக் குவியலில் வைத்தார்.

வாங்க வந்தவர் அதையே அறுக்கச் சொன்னார். என் மிஷின் உண்மையைச் சொன்னது. "என்ன அண்ணாச்சி, வழி தெரியலியோ?" என்று கிடங்கே சிரித்தது. சார்தான் சொன்னார் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கைகழுவிப் போனவர் வேலைக்கு வரவில்லை.

ஒரு வாரம்தான் என்னால் தாங்க முடிந்தது. அவர் வீட்டுக்குப் போய்க் கையோடு கூட்டிவந்து, எல்லார் முன்னாலும் செய்ததைச் சொன்னேன். அண்ணாச்சி சாக்பீஸ் எடுத்து என் நாற்காலி முதுகில் பெரிய அம்புக்குறி ஒன்று போட்டார்.

"லோக்கல். இனிமே தட்டிப் பாக்காம எடுக்காதீகடே."

அன்றே வேலையில் உட்கார்ந்தார். ஆனால் அதன்பின் என் வாயிலிருந்து வந்த எதையும் அவர் தட்டாமல் விட்டதில்லை. டீ வந்துவிட்டது என்றால்கூட கிளாஸைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

மறு வருடம் திருச்செந்தூரில் அவர் மகளுக்குக் கல்யாணம். பஸ்ஸை விட்டு இறங்கி, மண்டபத்துக்கு வழி கேட்கத் திரும்பினேன். தாலி கட்ட அரைமணி நேரமே இருக்க, பட்டு வேட்டியில் வேர்த்து விறுவிறுத்துப் பெண்ணின் அப்பா அங்கே நின்றிருந்தார். என் தோளில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"வாங்க சார், போவோம்."