டி.வி.யில் உட்கார்ந்திருந்த தாய்மாமன்

நான் எழுதிய புரோகிராம்களிலேயே ஒரு தடவைகூடப் பிழை என்று காட்டாதது ஒன்றே ஒன்றுதான். என் மானத்தை வாங்கியதும் அதுதான்.

சிதம்பரத்தில், என் மாமியார் ஊரில், மகள் இனியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், என் தம்பி பிரபு, மஸ்கட்டில் இருந்தான். பிள்ளையை இன்னும் நேரில் பார்க்கவே இல்லை. "ரெண்டு மாசம் தள்ளி வைக்கா, லீவு கெடைச்சிரும்" என்று கெஞ்சினான். மாமியார் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நான் எதுக்குக்கா மாமன்னு?" என்று போனை வைத்தவன், அப்புறம் பேசவே இல்லை.

நான் சும்மா இருப்பேனா? கம்ப்யூட்டர் படித்தவளாயிற்றே! (படித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.) மஸ்கட்டுக்குச் சாதாரண வீடியோ கால் சரியாகப் போகாது. அதனால் நானே ஒன்று எழுதினேன். பட்டனைத் தட்டினால் என் புரோகிராம் இன்னொரு வீடியோ புரோகிராமை எழுப்பும்; மண்டபத்து டி.வி.யில் தம்பி தெரிவான், அவனுக்கு நாங்கள் தெரிவோம். அந்த இன்னொன்று எழுந்திருக்கவில்லை என்றால்? விசேஷ வீட்டில் சிவப்பு எழுத்தில் 'பிழை' என்று வந்தால் நன்றாகவா இருக்கும்? பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, தம்பி போட்டோவைக் காட்டி, கீழே 'மாமா வந்துவிட்டார்' என்று போடும்படி எழுதினேன். நாசூக்காகச் சமாளிக்கிறேனாம்!

கடலூரில் எங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது அருமையாக ஓடியது. பிரபுவும் சமாதானமானான். மண்டபத்திலோ, அவர்கள் கம்ப்யூட்டரில்தான் டி.வி. சேரும் என்றார்கள். பென்டிரைவில் என் புரோகிராமை எடுத்துப்போய் அதில் போட்டேன். அது எழுப்ப வேண்டிய அந்த இன்னொன்றைப் போட மறந்துவிட்டேன்.

பட்டனைத் தட்டினேன். திரையில் தம்பி! எல்லாரும் கைதட்டினார்கள். நான் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தவர்களைக் கவனிக்க ஓடினேன்.

"ஏண்டி, இன்னா இவன் உம்முன்னு உக்காந்திருக்கான்?" என்றாள் அம்மா.

(அது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோ என்று அப்போது எனக்கே உறைக்கவில்லை. அதில் யார் சிரிப்பார்கள்?)

"நெட்வொர்க் இழுக்குதும்மா. நீ பேசு, அவனுக்குக் கேக்கும்."

அம்மா டி.வி.க்கு நேராக உட்கார்ந்து இனியாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது.

"டேய் பிரபு, அழுவுறா பாருடா... ஒரு வார்த்த பேசுடா."

போட்டோ எப்படிப் பேசும்?

"தாய்மாமனுக்குக் கிராக்கி ஜாஸ்திதான்" என்றாள் நாத்தனார்.

"இன்னும் கோவம் போவல அவனுக்கு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் ஆத்திரம் வந்தது. அவனை நாலு கேள்வி கேட்கலாமென்று கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். வரிசையாக அவன் அழைப்புகள். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கடைசியாக, அறைத்தோழர் எடுத்த ஒரு படம். பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே லேப்டாப் இருட்டாக இருக்கிறது. மடியில், பிள்ளைக்குப் பதிலாக, ஒரு தலையணை.

கீழே, "குத்தியாச்சாக்கா?"

கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னதும், "போட்டோகிட்டயாடி என்னப் பேச வச்ச, பாவி?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிரபுவிடம் சொன்னபோது, "போட்டோவுலயாவது நல்லா இருந்தனாக்கா?" என்றான்.

கிடைப்பதாக இருந்த லீவும் கிடைக்கவில்லை. கம்பெனி மாறினான், வருஷங்கள் போயின. கதை வீட்டில் சிரிப்பாகிவிட்டது. இனியா அதைக் கேட்டே வளர்ந்தாள். மாமா திரையில் வந்தால், "மாமா, கைய ஆட்டு!" என்பாள். ஆட்டினால்தான் பேச்சு.

போன மாதம் ஒருவழியாகக் கடலூர் வந்து சேர்ந்தான். பெட்டியோடு வாசலில் நின்றவனை இனியா கதவைப் பாதி திறந்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, கைய ஆட்டு."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆட்டினான். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. சிரித்து முடித்த பிறகும் அவன் ஆட்டிக்கொண்டே நின்றான்.