புருவம் கேட்ட விலை

மூன்றாவது முறையாகப் பூட்டுக்காரரின் புருவம் உயர்ந்தது. மூன்றாவது முறையாக ஏலக்காரர் அவரைக் காட்டி விலையை ஏற்றினார்.

ஏலத்தில் இருந்தது, மூடிப்போன ஓட்டல் ஒன்றின் வட்ட மேஜை. பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பூட்டுக்காரர் வீட்டில் இருப்பதோ மூன்று பேர். அவரும் மனைவியும் வந்தது அடுத்து வரப்போகும் தையல் மெஷினுக்காக. மகள் சொந்தமாகத் தைக்கட்டும் என்று மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"இதை வீட்டுல போட்டா நாம எங்க படுக்கிறது?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"நான் கேக்கவே இல்லையே."

உண்மைதான். அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து நோய் போய்விட்டது. ஆனால் இருமினாலும் தும்மினாலும் உள்ளாடை நனைந்தது. சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கிப் பிடித்து மெல்லத் தளர்த்தச் சொல்லியிருந்தார் டாக்டர். "எங்க வேணா செய்யலாம், யாருக்கும் தெரியாது" என்றும் சொல்லியிருந்தார். வெட்கத்தில் மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. ஏலக் கூடத்தில் உட்கார்ந்தபடி அதைத்தான் செய்துகொண்டிருந்தார்; கீழே இறுக்கினால் மேலே புருவம் ஏறும் என்பது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பயிற்சியை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கூடத்துத் தூசியில் இருமல் வந்தது. இருமினால் இறுக்கித்தானே ஆக வேண்டும்? விலை ஏறியது.

புருவத்தைக் கையால் மறைத்தார். கை தூக்கியதாக எடுத்துக்கொண்டார் ஏலக்காரர்.

வெளியே ஓடிவிடலாம் என்று எழுந்தார்.

"பெரியவர் எழுந்து நின்னே கேக்குறார்!"

எதிர்வரிசையில் அதுவரை கைதூக்கிப் போட்டி போட்ட மீசைக்காரர், தலையை ஆட்டிக் கையை இறக்கிவிட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். சட்டைப்பை காலியானது.

வேறு வழியில்லாமல் பூட்டுக்காரர் மனைவியின் காதில் எல்லாவற்றையும் கொட்டினார். அவளுக்குக் கோபத்துக்கு நடுவே சிரிப்பு முட்டியது.

"முன்னாடியே சொல்லியிருந்தா உங்களை வாசல்லயே உக்கார வெச்சுட்டு வந்திருப்பேன்ல?"

தையல் மெஷின் வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மீசைக்காரர் கையைத் தூக்கவில்லை, மடியில்தான் வைத்திருந்தார். ஆனாலும் ஏலக்காரர் அவரையே காட்டிக்காட்டி விலையை ஏற்றி, கடைசியில் அவர் தலையிலேயே கட்டினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர் தயங்கித் தயங்கி அவர்களிடம் வந்தார். தான் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாகவும், அந்த மேஜைக்காகவே வந்ததாகவும் சொன்னார். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

மனைவிக்கு உயிர் வந்தது. "தாராளமா மாத்திக்கலாம்ண்ணே. ஆனா மேஜைக்கு வந்தவர் மெஷினை எதுக்கு எடுத்தீங்க?"

மீசைக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். பூட்டுக்காரரின் காதருகே குனிந்தார். அவர் மீசை தானாக மேலே ஏறி இறங்கியது.

"எங்க வேணா செய்யலாம், யாருக்கும் தெரியாதுன்னு டாக்டர் சொன்னாருங்க."